முழுக் கிடா

எங்கள் ஊர் ஆடுகளுக்கு முதலில் இல்லாமல் போனது நுரையீரல்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மைதீன் பாய் தன் கடையில் உரித்துத் தொங்கவிட்ட ஆட்டின் நெஞ்சைப் பிளந்தபோது ஈரல் இருந்தது, இதயம் இருந்தது, நுரையீரல் இருக்க வேண்டிய இடம் மட்டும் கழுவிக் கவிழ்த்த எவர்சில்வர் டப்பா மாதிரிச் சுத்தமாக இருந்தது, பாய் கத்தியைத் துடைத்துக்கொண்டு அடுத்த ஆட்டைப் பிளந்தார், அதிலும் அப்படியே, தூக்குச்சட்டியோடு வரிசையில் நின்ற நாங்கள் யாரும் ஐயோ என்று சொல்லவில்லை, ஏனென்றால் அதை யாரும் கேட்டு வந்திருக்கவில்லை, எடையில் தெரியாமல் தள்ளிவிடுவாரோ என்று எட்டி எட்டிப் பார்க்கிற வேலை ஒன்று மிச்சம் என்றுதான் நினைத்தோம். நுரையீரல் இல்லாத ஆடு சந்தையிலிருந்து அவ்வளவு தூரம் கத்திக்கொண்டே எப்படி நடந்து வந்தது என்று கேட்கலாம்தான். கேட்கிற ஊர் வேறு எங்காவது இருக்கும்.

அதற்கு முன்னால் எங்கள் ஊரில் கறிக்குக் கூறு என்ற ஒரே கணக்குதான். பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சாக்கை விரித்து, பனையோலைத் துண்டுகளை வரிசையாகப் பரப்பி, ஒவ்வொரு ஓலையிலும் தொடையில் ஒரு துண்டு, நெஞ்செலும்பில் ஒரு துண்டு, கட்டைவிரல் அளவு ஈரல், குடல், கொழுப்பு, கழுத்து, நுரையீரல் என்று ஆட்டின் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வைத்து ஒரே விலைக்குக் கொடுப்பார்கள், டாக்டர் வீட்டுக்கும் அதே கூறுதான், டாக்டர் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள் வீட்டுக்கும் அதே கூறுதான். அது பெரிய நீதி என்று நான் சொல்ல வரவில்லை. கூறு போடுகிறவனுக்கு வேண்டியவர்களின் ஓலையில் எலும்பு எப்போதும் குறைவாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டுக்குப் போய்ப் பொட்டலத்தைப் பிரித்தால் ஓர் ஆடு இருக்கும், சின்னதாக, முழுசாக.

அதை மாற்றியவர் என் வீட்டுக்காரர் சௌந்தரபாண்டியன். வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஆடுகளை மொத்தமாகப் பிடித்து, கறிக்கடைகளுக்கும் ஹோட்டல்களுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் போடுகிற வியாபாரம் அவருக்கு. மதுரையில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு கறிக்கடையைப் பார்த்துவிட்டு வந்தவர், மண்டி வாசலில் ஒரு கரும்பலகையை மாட்டி, தொடைக்குத் தனி விலை, சாப்ஸுக்குத் தனி விலை, நெஞ்செலும்பு, ஈரல், கழுத்து, குடல், தலை, கால், நுரையீரல் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு விலை போட்டார். எழுதுகிற வேலை எனக்கு. அவர் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும், என் எழுத்தோ கான்வென்டில் சிஸ்டர் முட்டியில் ஸ்கேலால் தட்டித் தட்டித் திருத்திய எழுத்து, ஷேக்ஸ்பியரை மனப்பாடம் பண்ணின பிள்ளைக்குக் கிடைத்த உத்தியோகம் காலையில் காபி போடுவதற்கு முன்னால் குடலுக்கு நேரே இருக்கும் விலையை அழித்துக் குறைத்து எழுதுவது.

விலை என்ன பாடுபட்டது என்று எனக்குத்தான் தெரியும். வெளிநாட்டுப் பணம் வந்த வருஷம் தொடை ஏறியது. இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடங்கள் வந்த பிறகு எலும்பில்லாத கறிதான் பிள்ளை தின்னும் என்று தாய்மார்கள் பெருமையாக அலுத்துக்கொண்டார்கள், தொடை இன்னும் ஏறியது. கல்யாண பிரியாணியில் இலைக்கு ஒரு பெரிய துண்டு விழாவிட்டால் சம்பந்தி முகத்தைத் திருப்பினார், தொடை மச்சு ஏறிப் போய் உட்கார்ந்துகொண்டது. குடல் கழுவ யாருக்கும் பொறுமையில்லை, இறங்கியது. தலையைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது என்று, வாரத்துக்கு மூன்று நாள் தொடை தின்கிறவர்கள் சொன்னார்கள், தலையும் இறங்கியது. நுரையீரலுக்கு நேரே நான் ஒரு கோடு போட்டேன். அடுத்த வாரம்தான் அது ஆடுகளுக்குள் இல்லாமல் போனது.

"ஆடு உங்க போர்டைப் படிக்குதும்மா" என்றார் மைதீன் பாய்.

"ரெண்டு கண்ணு இருக்கே பாய், படிக்கட்டும்" என்றேன். "எங்க தெருவில அதுகூடப் படிக்காத ஆளு எத்தனை பேரு."

அடுத்தது குடல் போனது. குடல் இல்லாத ஆட்டுக்குத் தீவனம் எதற்கு என்று ஆடு வளர்க்கிறவர்கள் சந்தோஷப்பட்டார்கள், மேய்ச்சலுக்கு ஓட்டிப்போகிற வேலை நின்றது, ஆடுகள் பட்டியிலேயே வெறுமனே நின்று தொடை வளர்த்தன, கண்மாய்க்கரையில் புல் இடுப்பளவு வளர்ந்து பாம்பு சேர்ந்தது, உனக்குத்தான் தீவனச் செலவே இல்லையே என்று என் வீட்டுக்காரர் வாங்கும் விலையைக் குறைத்தபோது அவர்களின் சந்தோஷம் சத்தமில்லாமல் முடிந்தது. பிறகு முன்னங்கால்கள் பின்னங்கால்களாக மாறின. பிறகு தலை போனது.

தலையில்லாத ஆடுகள் ஒரு வெள்ளிக்கிழமை லாரியிலிருந்து இறங்கின. கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் தோல் வழவழவென்று மூடி, வாய் கட்டிய கோணிப்பை மாதிரி, நான்கு பக்கமும் கொழுத்த தொடைகளோடு, முட்டாமல், கத்தாமல், இறக்கிவிட்ட இடத்தில் நின்றன. கயிற்றை எங்கே கட்டுவது என்று தரகர்கள் கொஞ்ச நேரம் யோசித்து, காலில் கட்டினார்கள், அத்தோடு ஊரின் ஆச்சரியம் தீர்ந்தது. சந்தைக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் பகலில் தூங்கப் பழகினார்கள். பள்ளிக்கூடத்தில் ஆடு வரையச் சொன்னால் பிள்ளைகள் நான்கு தொடையை வரைந்தார்கள், டீச்சர் நன்று என்று போட்டாள், தலை போட்டு வரைந்த ஒரு பிள்ளையிடம் பார்த்து வரையக் கூடாதா என்று கேட்டாள். வெளியூர் சம்பந்திகளிடம் எங்கள் ஊர் ஆட்டில் கழிவே இல்லை என்று நாங்கள் பெருமையடித்துக்கொண்டோம்.

மைதீன் பாய் மட்டும் கத்தியைக் கீழே வைத்தார். அல்லாஹ் பேரைச் சொல்லிக் கழுத்தில் அறுக்க வேண்டும், கழுத்தே இல்லாததை எங்கே அறுப்பது என்று பள்ளிவாசலில் போய்க் கேட்டார், ஹஜ்ரத் வந்து பார்த்து, ஆட்டை ஒரு சுற்றுச் சுற்றி, தாடியைத் தடவி, இது ஆகாது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அறுக்க இடம் விடாத ஜீவனைத் தொட மாட்டேன் என்று பாய் கடையை மூடி, அதே இடத்தில் வாழைத்தார் தொங்கவிட்டார். அந்தத் தெருக்காரர்கள் கோழிக்கு மாறினார்கள். கோழிக்கு இன்னும் கழுத்து இருந்தது.

பாய்க்காவது வாழைத்தார். ஒச்சம்மாவுக்கு என்ன இருந்தது?

ஒச்சம்மா மண்டியின் பின்சுவரை ஒட்டி உட்கார்ந்து தலையும் காலும் வாட்டுகிறவள். ஓலை நெருப்பில் ஆட்டுத்தலையைத் திருப்பித் திருப்பிக் காட்டி, முடி பொசுங்கியதும் கத்தியால் சுரண்டி, மஞ்சள் பூசிக் கழுவிக் கொடுத்தால் பொன் மாதிரி இருக்கும். கூலிக்குப் பதிலாக விற்காத தலைகளையும் குடலையும் எடுத்துக்கொண்டு போவாள், குழம்பு வைத்து இட்லியோடு விற்பாள், மிச்சத்தைத் தின்பாள். புருஷன் மலைத் தோட்ட வேலைக்குப் போனவன், அவ்வப்போது வந்து ஒரு கர்ப்பத்தைக் கொடுத்துவிட்டுப் போவான், எதுவும் தங்காது. நாற்பதை நெருங்குகிற வயதில் மறுபடி உண்டானபோது, கண்மாய்க்கரைக் கருப்பசாமி கோயிலில் போய், இந்தப் பிள்ளை தங்கினால் முழுக் கிடா வெட்டிக் காது குத்துகிறேன் என்று நேர்ந்துகொண்டாள். பிள்ளை தங்கியது. பெண். பவளம் என்று பேர் வைத்தாள். காது குத்துகிறவரை அது சாமிக்கு உரிய பிள்ளை, இன்னும் முழுசாக அவளுடையது இல்லை, அதுதான் எங்கள் பக்கத்து நம்பிக்கை, அவள் அந்தப் பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்காமல் திரிந்ததே அதனால்தான், தரையில் விட்டால் சாமி எடுத்துக்கொள்ளும் என்பது மாதிரி.

தலையில்லாத லாரி வந்த அன்று அவள் மண்டிக்குள்ளேயே வந்துவிட்டாள்.

"மொதலாளி, தலை எங்க?"

"தலையை யாரு கேட்டா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"நான் கேட்டேன்ல? தெனமும் கேக்குறேன்ல?"

"நீ காசு குடுத்தா கேட்ட? சும்மா தூக்கிட்டுப் போன. ஒரு ஆளு கேக்குறதுக்குப் பேரு கேள்வியா?"

"வாட்டிக் குடுத்தேன்ல? அது காசில்லையா? உங்க வீட்டு வளைகாப்புக்கு அத்தனை தலை வாட்டுன கை இது. இன்னும் முடி நாத்தம் போகல, மோந்து பாருங்க."

அவர் மோந்து பார்க்கவில்லை. நான் பலகையில் தலை என்ற வார்த்தையை அழித்தேன், விலைதான் இல்லையே, எழுத்து எதற்கு இடத்தை அடைக்க வேண்டும்.

ஆனால் ஒச்சம்மா வீட்டில் தலையில்லாத ஒரு ஆடு குட்டி போட்டது, அந்தக் குட்டிக்கு எல்லாம் இருந்தது. தலை, கொம்பு முளைக்கிற புடைப்பு, முன்னங்கால், வால், மூச்சு விடும்போது ஏறி இறங்குகிற நெஞ்சு. அவள் வாசலில் பலகை எதுவும் இல்லை, ஆட்டில் எதையும் அவள் வேண்டாம் என்று சொன்னதும் இல்லை, அதனால் அது அப்படிப் பிறந்தது என்று ஊர் பேசிக்கொண்டது, பேசிக்கொண்டே அதைப் பார்த்து முகம் சுளித்தது, எத்தனை கழிவு என்று. சாமிக்கு விட்டதற்குப் பேர் வைக்கக் கூடாது என்பதால் அவள் அதை டேய் என்று கூப்பிட்டாள். டேய் என்றால் அது தலையைத் தூக்கிப் பார்க்கும். தூக்குவதற்குத் தலை இருந்த ஆடு ஊரில் அது ஒன்றுதான்.

அப்போதுதான் பைபாஸில் ஒரு ஹோட்டல் திறந்தார்கள். செல்வின் என்று ஒருவன், சென்னையில் படித்தவன், மினுமினுக்கிற சட்டை, தலைக்கறி மட்டுமே என்று, சென்னையில் சமைத்துப் பெரிய தட்டில் வைத்து எடுத்த படங்களைப் போட்டான், மூளை வறுவல், நாக்கு மிளகு, கண்ணுக்குத் தனி மசாலா, கோயம்புத்தூரிலிருந்தெல்லாம் கார்கள் வந்தன, பாவமாக இருக்கிறது என்று சொன்ன அதே வாய்கள் இப்போது தாடையை எப்படிப் பிரித்துத் தின்ன வேண்டும் என்று வகுப்பெடுத்தன. என் வீட்டுக்காரர் என்னை எழுப்பி, தலையை எழுது என்றார், மேலே எழுது, தொடைக்கு மேலே. எழுதினேன். ஒரு வாரம் போனது, விலையைக் கூட்டி எழுதினேன், மறுபடி கூட்டினேன், தொடை விழுந்தது, யாரும் தொடையைத் திரும்பிப் பார்க்கவில்லை, தலை மட்டும் வரவில்லை, பேர் வாங்காத ஹோட்டலுக்கு வெளியூர்க்காரர்களும் தலை அனுப்பவில்லை. லாரி லாரியாக இறங்கிய ஆடுகள் பலகைக்கு முன்னால் நின்றன, நின்று என்ன செய்யும், படிப்பதற்குக் கண் வேண்டாமா, கண்ணைத்தான் நாங்கள் அழித்துவிட்டோமே. எடுத்துக்கொள்ளத் தெரிந்த ஊருக்குத் திருப்பிக் கேட்கிற வழி தெரியவில்லை. செல்வின் மூடிக் கிடக்கும் ஹோட்டல் வாசலில் நின்று, ஒரே ஒரு தலை வந்தால்கூடப் போதும், அதை வைத்து ஒரு திருவிழாவே நடத்திவிடுவேன் என்று போனில் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தான்.

இருந்த ஒரே தலை ஒச்சம்மா வீட்டுச் சுவரோரம் புளியங்கொழுந்து தின்றுகொண்டிருந்தது.

"நீ போய்ப் பேசு, பொம்பளைக்குப் பொம்பளை" என்று என்னை அனுப்பினார். போனேன். ஒச்சம்மா பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். இட்லிக் கடையை எப்போதோ நிறுத்திவிட்டாள், குழம்பு வைக்கக் குடலும் இல்லை தலையும் இல்லை. நான் தொகையைச் சொன்னேன். அவள் கல்லை எறிந்தாள்.

"அக்கா, அந்தப் பணத்துக்கு என்னென்ன வாங்கலாம்னு நீங்களே சொல்லுங்க."

"கூரைக்கு ஓடு மாத்தலாம். ஒரு பசு வாங்கலாம். பிள்ளைக்குத் தோடு வாங்கலாம்டி, தங்கத்துல."

"தோட்டை எங்க மாட்டுறது? காது குத்தணும்ல. காது குத்த கெடா வெட்டணும்ல. கெடாவைத்தான் நீங்க கேக்குறீங்க."

"வேற ஆடு வாங்கி வெட்டேன். நல்ல தொடை உள்ளதா நான் பார்த்துத் தர்றேன்."

அவள் சிரித்தாள். "தலையில்லாத கெடாவைச் சாமி முன்னாடி நிறுத்துனா, சாமி பின்பக்கத்தைப் பாத்து எப்படிக்கா வரம் குடுக்கும்?"

எனக்குக் கோபம் வந்தது. வெயிலில் நடந்து வந்திருந்தேன், கால் வலித்தது, ஒரு டம்ளர் தண்ணீர்கூட அவள் கொடுக்கவில்லை. "படிக்காத ஜென்மம்" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். அவளுக்குப் புரிந்திருக்கும். அதற்கெல்லாம் மொழி வேண்டியதில்லை.

என் வீட்டுக்காரர் கேட்டுவிட்டு வருத்தப்படவில்லை. சட்டையை மாற்றிக்கொண்டு, வெற்றிலைத் தட்டோடு பூசாரி மாயழகு வீட்டுக்குப் போனார். கருப்பசாமி கோயிலில் எந்தக் கிடா வெட்டினாலும் உடம்பு நேர்ந்தவர்களுக்கு, தலை பூசாரிக்கு. அது அவர்கள் முப்பாட்டன் காலத்து உரிமை. ஒச்சம்மாவிடம் போய் எதற்கு விலை பேச வேண்டும்?

காதுகுத்து அன்று ஒச்சம்மா அழைத்தது அவள் சொந்தக்காரர்கள் கொஞ்சம் பேரைத்தான். வந்தது ஊர் முழுக்க. கண்மாய்க்கரையில் பாம்பையும் பார்க்காமல் புல்லை மிதித்துக்கொண்டு, கார் வைத்திருந்தவர்கள் காரில், இல்லாதவர்கள் லாரியில், தலையைப் பார்க்க வந்தார்கள். செல்வின் பெரிய ஐஸ் பெட்டியோடு வந்திருந்தான். தாய்மாமன் மடியில் உட்கார வைக்கப் பிள்ளைக்குப் புதுப் பாவாடை கட்டியிருந்தது, ஆசாரி ஊசியோடு காத்திருந்தார், ஆனால் முதலில் கிடா, அதற்கு முதலில் உத்தரவு. மாலை போட்டுத் தண்ணீர் தெளித்தால் கிடா உடம்பைச் சிலிர்க்க வேண்டும். சிலிர்த்தால் சம்மதம், சாமி ஏற்றுக்கொண்டது. சிலிர்க்காமல் வெட்டினால் அது வெறும் கொலை, நேர்ந்தது சாமிக்குச் சேராது. எங்கள் பக்கத்தில் கிடா சிலிர்ப்பதற்காகச் சாயங்காலம் வரை பட்டினியாகக் காத்திருந்த கூட்டங்கள் உண்டு.

பூசாரி மஞ்சள் தண்ணீரைத் தெளித்தார். கிடா சிலிர்க்கவில்லை. அது எங்களைப் பார்த்தது. அதற்குத்தான் கண் இருந்ததே, ஒவ்வொரு முகமாகப் பார்த்தது, செல்வினைப் பார்த்தது, என் வீட்டுக்காரரைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, அத்தனை முகங்களிலும் ஒரே பலகைதான் தொங்கியது, அதில் ஒரே வார்த்தைதான் எழுதியிருந்தது. பார்க்கப் பார்க்க அதன் கொம்புகள் அகன்றன, தாடை இறங்கியது, காதுகள் சேம்பிலை மாதிரி விரிந்தன, அதே நேரம் உடம்பு, தண்ணீரில் கிடந்த சோப்பு கரைகிற மாதிரி, விலா கரைந்து, முதுகு கரைந்து, கால்கள் உள்ளே இழுத்துக்கொள்ள, மாலை தளர்ந்து தரையில் விழ, கடைசியில் மணலில் ஒரு பெரிய தலை மட்டும் கண்ணைத் திறந்துகொண்டு, பாதி மென்ற புளியங்கொழுந்தை மென்றபடி இருந்தது. கூட்டம் ஆஹா என்றது. செல்வின் கையை விரித்து அளந்துபார்த்து, பெட்டி பத்தாது என்றான்.

பூசாரி சொம்பைக் கீழே வைத்தார். "தலை இருக்கு. சிலிர்க்க உடம்பு இல்லையே. நேந்தது முழுக் கெடாவுல்ல?"

அப்போதுதான் ஒச்சம்மா பிள்ளையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுக் கூட்டத்துக்குள் இறங்கினாள். ஒவ்வொரு ஆளாக, கையைப் பிடித்து, முந்தானையைப் பிடித்து.

"குடல் வேணும்னு கேளுங்க மதினி. நீங்க எங்கிட்ட வாங்கித் தின்னவுகதான. கேளுங்க. அண்ணே, வால் வேணும்னு சொல்லுங்கண்ணே. டாக்டரய்யா, நுரையீரல், உங்களுக்குத் தெரியாததா, ஒரு வார்த்தை சொல்லுங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும், அது பாத்துக்கிட்டிருக்கு, சீக்கிரம் சொல்லுங்க."

சொன்னோம். எங்களுக்கென்ன கல் நெஞ்சா? குடல் வேணும் என்றோம், நுரையீரல் வேணும் என்றோம், ரத்தம் வேணும், வால் வேணும், குளம்பு வேணும், பள்ளிக்கூடத்துப் பிரார்த்தனை மாதிரி எல்லோரும் சேர்ந்து, ராகத்தோடுகூட. நானும் சொன்னேன். அன்றைக்கு என் வீட்டில் வஞ்சிரம் மசாலா தடவி வைத்திருந்தது. தலை எங்களைப் பார்த்துக்கொண்டே மென்றது. ஒரு மயிர்கூட முளைக்கவில்லை. வாயைப் படிக்கிற ஆடு இல்லை அது.

ஒச்சம்மா கேட்பதை நிறுத்தினாள். பிள்ளையை வாங்கிக்கொண்டு வந்து, அந்தத் தலைக்கு எதிரே மணலில் சப்பணமிட்டு உட்கார்ந்து, அதன் கண்ணுக்கு நேரே கண்ணை வைத்துக்கொண்டு, எதுவும் பேசாமல் இருந்தாள். வெயில் ஏறியது. கூட்டத்தில் மோர் விற்றார்கள். பிறகு தலைக்குப் பின்னால் ஏதோ அசைந்தது, ஒரு கழுத்து, ஒரு விரற்கடை முதுகு, குச்சிக் குச்சியாக நான்கு கால்கள், ஒரு வால், ஏறி இறங்குகிற ஒரு நெஞ்சு, எல்லாம் இருந்தன, எதுவும் விட்டுப்போகவில்லை, ஆனால் ஒரே ஒருத்தி கேட்டால் எவ்வளவு கிடைக்குமோ அவ்வளவுதான், பிறந்த குட்டியின் உடம்பு, அந்தப் பெரிய தலையைத் தூக்க முடியாமல் மணலில் இழுத்துக்கொண்டு நின்றது.

பூசாரி சொம்பை எடுத்து முழுவதையும் அதன் மேல் கவிழ்த்தார். குட்டி உடம்பு வெடவெடவென்று ஆடியது.

"சிலுத்துருச்சு!" என்று கத்தினார். "உத்தரவு ஆச்சு! கொட்டுங்கடா!"

கொட்டு முழங்கியது, பெண்கள் குலவையிட்டார்கள்.

"இல்ல!" ஒச்சம்மா எழுந்தாள். "அது சிலுப்பு இல்ல சாமி, நடுக்கம். குளிருல நடுங்குது. பாருங்க, இன்னும் நடுங்குது, நிக்கவே இல்ல பாருங்க."

"நடுக்கமும் சிலுப்பும் சாமிக்கு ஒண்ணுதான் ஆத்தா. தள்ளு."

"எனக்கு ஒண்ணு இல்ல!"

அரிவாள் இறங்கியது. அந்தக் கழுத்துக்கு அரிவாளே அதிகம்.

தலையைச் செல்வினின் ஆட்கள் தார்ப்பாயில் சுற்றித் தூக்கிப்போனார்கள், பூசாரியும் என் வீட்டுக்காரரும் வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் போய்க் கை குலுக்கிக்கொண்டு வந்தார்கள், கூட்டம் பைபாஸைப் பார்த்துக் கிளம்பியது. குட்டி உடம்பை யாரும் கேட்கவில்லை. ஒச்சம்மா அதைத் தானே உரித்தாள். உள்ளே ரோஜா நிறத்தில் நுரையீரல் இருந்தது, உள்ளங்கையில் வைத்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். காது குத்த அவள் சம்மதிக்கவில்லை. உத்தரவு இல்லாமல் ஊசி படக் கூடாது என்று ஆசாரியைத் திருப்பி அனுப்பிவிட்டாள். இப்போது அந்தப் பிள்ளை சாமிக்கும் இல்லை, அவளுக்கும் இல்லை.

ஊர் சரியாகத்தான் இருக்கிறது. அந்தத் தலையோடு ஹோட்டல் பேர் வாங்கிவிட்டது, வேறு ஊர்களிலிருந்து தலை வருகிறது, அந்த ஊர்களில் இப்போது பலகை மாட்டிவிட்டார்கள். எங்கள் மண்டியில் தொடை மறுபடி ஏறிக்கொண்டிருக்கிறது.

ஒச்சம்மா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிறாள். காசு கேட்பதில்லை. நேற்று என் வாசலுக்கு வந்தாள். அடுப்பில் குக்கர் இருந்தது.

"அக்கா, பாப்பாவைக் கொஞ்சம் பாருங்க."

"பார்த்துட்டேன்டி. அழகுதான் போ. கண்ணு ரெண்டும் சொக்க வைக்குது, தெருவே சொல்லுது."

"கண்ணைச் சொல்லாதீங்க!" சட்டென்று பிள்ளையின் கண்களைக் கையால் மூடினாள். "எல்லாரும் கண்ணையே சொல்றாக. முழங்கால்ல செரங்கு இருக்கு, அதைப் பாருங்க. மூக்கு ஒழுகுது. ராத்திரியெல்லாம் சிணுங்குது, ஆளைத் தூங்க விடல. அதெல்லாம் வேணும்னு சொல்லுங்கக்கா."

"சரி, வேணும்."

"வாயில சொல்லாதீங்க."

"வேற எதுலடி சொல்றது? குக்கர் கத்துது பாரு, கையை எடு, பிள்ளைக்கு மூச்சு முட்டப்போகுது."

அவள் கையை எடுக்கவில்லை. பிள்ளை அவள் விரல் இடுக்கு வழியாக என்னைப் பார்த்தது. அழகான கண்கள்தான். போன மாதம் பார்த்ததைவிடப் பெரிய கண்கள்.